தவறான விடைகள் எழுதிய நாடின்

நாடின் ஸ்டாஸ்கோ உரிமத் தேர்வு எழுதியவளே அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவள் யாரிடமும் சொல்லமாட்டாள். பென்சில்வேனியாவில் சமூகப் பணியாளர்களுக்கு உரிமம் கட்டாயம் என்று சட்டம் வந்த காலத்தில், ஏற்கெனவே வேலையில் இருந்தவர்களுக்குத் தேர்வு கிடையாது. விண்ணப்பம் போட்டார்கள், கட்டணம் கட்டினார்கள், தபாலில் உரிமம் வந்தது. நாடின் அதற்குக் கண்ணாடி போட்டுத் தன் நாற்காலிக்குப் பின்னால் மாட்டினாள். பிறகு ஓய்வு பெறும் வரை அதற்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, தகுதி என்றால் என்ன என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுத்தாள்.

நான் கார்மைன். அதே மாநிலத்தில் எரி என்ற நகரத்தில், ஏரிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு குடும்ப உதவி மையத்தில் வேலை பார்த்தவன். கதவைத் தட்டிக்கொண்டு வருகிறவர்களின் கதையைக் கேட்டு, யாரிடம் அனுப்புவது என்று முடிவு செய்வது என் வேலை. ஒரே அறையில் மூன்று மேசை. ஒன்று எனக்கு, ஒன்று நாடினுக்கு, ஒன்று வெர்னிட்டா போப்புக்கு. இன்றைக்கு நான் ஓய்வு பெற்றுவிட்டேன். என்னை யாராலும் எதுவும் செய்ய முடியாது.

நாடினின் அப்பா ரயில் எஞ்சின் தொழிற்சாலையில் தர ஆய்வாளர். மற்றவன் கடைந்து கொண்டுவந்த பாகத்தை அளந்து பார்த்து, சரியில்லை என்று ஒதுக்கி வைப்பது அவர் தொழில். மகளுக்கு அந்தக் குணம் அப்படியே இறங்கியிருந்தது. அவருக்காவது கையில் அளவுகோல் இருந்தது.

வீடுகளுக்குப் போனால் நாடின் கோட்டைக் கழற்றமாட்டாள். காபி கொடுத்தால் வாங்கமாட்டாள். உதவி பெறுகிறவருக்கும் உதவுகிறவருக்கும் நடுவே எல்லை இருக்க வேண்டுமாம். எங்கே போனாலும் அவளுக்கு ஒரே கேள்விதான். ஒருமுறை கூரை ஒழுகும் வீட்டில், வாளிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, “இது உங்களுக்கு எப்படி இருக்கு?” என்று அந்த வீட்டுக்காரியைக் கேட்டாளாம். “ஈரமா இருக்கு” என்றாளாம் அவள். அந்தப் பதிலை நாடின் தன் குறிப்பில், ‘உணர்வுகளை வெளிப்படுத்தத் தயங்குகிறார்’ என்று எழுதி வைத்தாள். நான் என் கண்ணால் படித்தேன்.

வெர்னிட்டா வேறு மாதிரி. உரத்த குரல், அதைவிட உரத்த சிரிப்பு. வேலை பார்த்துக்கொண்டே மாலை வகுப்புக்குப் போய் முதுகலைப் பட்டம் வாங்கியவள். பட்டத்துக்குக் குறைவில்லை, உரிமம்தான் இல்லை. தேர்வில் இரண்டு முறை தோற்றிருந்தாள். எங்கள் ஊரில் அந்தத் தேர்வில் தோற்ற முகங்களை வரிசையாக நிறுத்தினால் பெரும்பாலும் வெர்னிட்டாவைப் போன்ற கறுப்பு முகங்களாகத்தான் இருக்கும். அதைச் சொன்னால் நாடின், “பாரபட்சம் இருக்கக்கூடாதுன்னு கேள்விகளை எல்லாம் சலிச்சுத்தான் எடுக்கறாங்க கார்மைன்” என்பாள். சலித்து எடுக்கிற சல்லடை யார் கையில் இருக்கிறது என்று நான் கேட்பேன்.

வெர்னிட்டாவின் பிரச்சினை எனக்குத் தெரியும். கேள்வியைப் படித்ததும் அவள் பதில் தேடமாட்டாள், எதிர்க்கேள்வி கேட்பாள். “இந்தப் பொம்பளைக்குக் கார் இருக்கா? பனி கொட்டுதா? பக்கத்து வீட்டுக்காரங்க எப்படி?” கேள்வி எழுதுகிறவர்களின் உலகத்தில் பனி கொட்டுவதில்லை. அங்கே நான்கு விடைகள் மட்டும் இருக்கும். நான்கும் சரி போலவே தெரியும். அதில் முதலில் செய்ய வேண்டியது எது என்று கேட்பார்கள்.

இனி நாய் கதை. ஊர் முழுக்கப் பனி மூடிய ஒரு ஜனவரியில் ஹெர்மன் பிஷாக் என்ற கிழவரின் காலில் புண் அழுகிப் போயிருந்தது. மருத்துவமனைக்குப் போகமாட்டேன் என்று அடம். அவருக்கு டச்சஸ் என்று ஒரு பீகிள் நாய். நான் போய்விட்டால் அதற்கு யார் இருக்கிறார்கள் என்பது அவர் கட்சி. முதலில் நாடின் போனாள். பிரிவைப் பற்றி அவரிடம் மனம்விட்டுப் பேசினாள். கிழவர் கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாள் வெர்னிட்டா போனாள்.

“நாயைக் குடுங்க, நான் வெச்சுக்கறேன். நீங்க கிளம்புங்க” என்றாளாம்.

“உன் வீட்டுலயா? அது சோபாவுல ஏறுமே.”

“என் புருஷனும்தான் ஏறுறான். ஒண்ணும் ஆயிடல.”

அன்று மாலையே கிழவர் ஆம்புலன்ஸில் ஏறினார். கால் தப்பியது. நாய் வெர்னிட்டாவின் சோபாவைக் கிழித்தது. கிறிஸ்துமஸ் விருந்தில் வெர்னிட்டா இந்தக் கதையை நாய் மாதிரியே குரைத்துக் காட்டிச் சொன்னாள். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவள் நாடின். ஏன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அந்த வருடம்தான் நாடினுக்கு அழைப்பு வந்திருந்தது. தேர்வு நடத்தும் அமைப்பு, வேலையில் இருக்கிற உரிமம் பெற்றவர்களைத்தான் கேள்வி எழுதக் கூப்பிடும். ஒரு ஹோட்டலில் வார இறுதிப் பயிற்சி. திரும்பி வந்தவள் ஒரு அங்குலம் உயர்ந்திருந்தாள். எதையும் வெளியே சொல்லக்கூடாது என்று கையெழுத்துப் போட்டிருந்ததால், அவளால் பேசாமல் இருக்கவே முடியவில்லை.

“முதல்ல நாடு முழுக்க ஆயிரக்கணக்கான பேர்கிட்ட, தினமும் என்ன வேலை செய்யறீங்கன்னு கேக்கறாங்க. அதை வெச்சு எதுல எத்தனை கேள்வின்னு முடிவாகும். அதுக்கப்புறம்தான் நாங்க எழுதறோம். ஒவ்வொரு வார்த்தையையும் ஒரு குழு உக்காந்து அலசும் தெரியுமா?”

“சரியான விடை எதுன்னு யாரு சொல்றது?”

“புத்தகம். சரியான விடைக்கு ஒரு புத்தகத்துல பக்கம் காட்டணும்.”

“தப்பான விடைக்கு?”

“அதுதான் கஷ்டம். மூணு எழுதணும். அபத்தமா இருந்தா யாரும் எடுக்கமாட்டாங்க. சரின்னு தோணணும், ஆனா தப்பா இருக்கணும். அரைகுறையாத் தெரிஞ்சவ செய்யற மாதிரி இருக்கணும்.”

நாடினுக்குக் கற்பனை கிடையாது. சொந்த அனுபவமும் கிடையாது, ஏனென்றால் அவள் எந்த வீட்டிலும் எதுவும் செய்ததில்லை. அந்தத் தவறான விடைகளை எல்லாம் அவள் எங்கிருந்து கொண்டுவருவாள் என்று நான் யோசித்திருக்க வேண்டும். அந்த நாட்களில் அவள் வெர்னிட்டாவிடம் வலியப் போய்ப் பேச ஆரம்பித்தாள். “அந்தப் பையனுக்கு ஷூ வாங்கிக் குடுத்தியாமே, எப்படி?” “அந்தப் பொண்ணோட கோர்ட்டுக்குப் போனப்ப கையைப் பிடிச்சுக்கிட்டியா?” வெர்னிட்டா வெள்ளந்தியாக எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில் ஒருத்தி தன் வேலையில் அக்கறை காட்டுகிறாள் என்று அவளுக்கு சந்தோஷம்கூட.

பிறகொரு முறை நாடின் வேறொரு கூட்டத்துக்குப் போய்வந்தாள். எத்தனை கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னால் தேர்ச்சி என்று முடிவு செய்கிற கூட்டம். ‘ஏதோ ஒப்பேற்றிவிடக்கூடிய ஒரு பணியாளர்’ ஒருத்தியைக் கண்ணை மூடிக் கற்பனை செய்துகொள்ள வேண்டுமாம். இந்தக் கேள்விக்கு அவள் சரியாகப் பதில் சொல்வாளா என்று ஒவ்வொருவரும் ஊகிக்க வேண்டுமாம். அந்த ஊகங்களைக் கூட்டிக் கழித்தால் கோடு கிடைக்கும்.

“நீ யாரைக் கற்பனை பண்ணிக்கிட்ட?” என்று கேட்டேன்.

நாடினின் கண் வெர்னிட்டாவின் காலி நாற்காலிக்குப் போய்விட்டு வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு தேர்வும் எழுதாதவள், உலகத்தில் இல்லாத ஒருத்தியை மனதில் நினைத்துக்கொண்டு, இருக்கிறவளுக்குக் கோடு போடுகிறாள். இதற்குப் பெயர் விஞ்ஞானமாம்.

அதற்கடுத்த குளிர்காலத்தில் இடி விழுந்தது. எங்கள் மையத்துக்குப் பணம் கொடுக்கிற காப்பீட்டு நிறுவனம் ஒப்பந்தத்தை மாற்றியது. உரிமம் இல்லாதவர்கள் குடும்பங்களைத் தனியாகப் பார்க்கக்கூடாது. ஜூலைக்குள் தேறவில்லை என்றால் வெர்னிட்டா உதவியாளராக இறங்க வேண்டும். சம்பளம் குறையும், அது ஒரு பக்கம். அவள் வருடக்கணக்காகப் பார்த்துவந்த குடும்பங்களை எல்லாம் உரிமத்தின் மை காயாத யாரோ ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். அதுதான் அவளைத் தூங்கவிடாமல் செய்தது.

“என் ஆளுங்களை விடமாட்டேன் கார்மைன். இந்தத் தடவை அவங்க கேக்கற மாதிரியே பொய் சொல்லிட்டு வர்றேன்” என்றாள்.

உண்மையாகவே அப்படித்தான் படித்தாள். பயிற்சிக் கேள்விகளை நான் மதிய வேளைகளில் படித்துக் காட்டுவேன். அவள் முதலில் தான் என்ன செய்வேன் என்று சொல்வாள். பிறகு மூக்கைச் சுளித்துக்கொண்டு, “நாடினா இருந்தா என்ன செய்வா?” என்று யோசித்துச் சரியான விடையைச் சொல்வாள். கொஞ்ச நாளில் தப்பே வரவில்லை.

தேர்வு மையம் நகம் அழகுபடுத்துகிற ஒரு கடைக்கும் வரிக்கணக்கு பார்க்கும் ஒரு அலுவலகத்துக்கும் நடுவில் இருந்தது. நான்தான் கூட்டிப்போனேன். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுடைய சட்டைப் பைகளை வெளியே இழுத்துக் காட்டச் சொன்னார்கள். சட்டைக் கைகளை முழங்கை வரை சுருட்டச் சொன்னார்கள். மூக்குக்கண்ணாடியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஊரில் பாதிப் பேரின் அழுகையைத் தோளில் தாங்கியவள் அங்கே திருடி மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

நான் காரில் உட்கார்ந்து பெப்பரோனி இறைச்சி வைத்துச் சுட்ட ரொட்டி உருண்டைகளைத் தின்றுகொண்டிருந்தேன். அவள் வெளியே வந்து கதவை அறைந்து சாத்தியபோதே முடிவு தெரிந்துவிட்டது. கையில் இருந்த தாளை மடியில் போட்டாள். தேறவில்லை. அடுத்த முறை எழுத மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அதற்குள் ஜூலை போய்விடும்.

நான் ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அவள் கேட்கவில்லை.

“கார்மைன், அந்த நாய் கேள்வித்தாள்ல இருக்குப்பா.”

“எந்த நாய்?”

“டச்சஸ்! கிளியா மாத்திட்டாங்க. ஹெர்மனைப் பொம்பளையா மாத்திட்டாங்க. காலு மட்டும் காலாவே இருக்கு. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன், கிளியை யாரு பாத்துக்குவாங்கன்னு கேக்கறா. சமூகப் பணியாளர் முதலில் என்ன செய்ய வேண்டும்? நாலாவது விடை என்ன தெரியுமா? கிளியைத் தன் வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.”

கேள்விகளை வெளியே சொல்லமாட்டேன் என்று தேர்வுக்கு முன் அவளும் கையெழுத்துப் போட்டிருந்தாள். இரண்டு பேருக்கும் அப்போது அது நினைவில் இல்லை.

“நீ என்ன போட்ட?”

“அது தப்புன்னு எனக்குத் தெரியாதா? இத்தனை நாள் எதுக்குப் படிச்சோம்? பிரிவைப் பத்தின அவளோட உணர்வுகளைப் பேச வைக்கணும், அதான் விடை. மவுஸை அங்கதான் கொண்டு போனேன். அமுக்க வரல. அதை அமுக்கினா நான் அன்னைக்கு அந்தக் கிழவனை அப்படியே விட்டுட்டு வந்திருக்கணும்னு ஆயிடும். நாலாவதைப் போட்டேன்.”

“அடிப்பாவி! அந்த ஒரு கேள்வியில போயிருந்தா?”

“போகட்டும். ஹெர்மனுக்குக் கால் போகல.”

சொல்லிவிட்டு அழுதாள். நானும் என்ன செய்வதென்று தெரியாமல் காரைக் கிளப்பினேன். அவள் தோற்றதைவிட, நாடின் அவளைத் தின்று ஏப்பம் விட்டிருக்கிறாள் என்பதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

ஜூலையில் வெர்னிட்டா உதவியாளர் ஆனாள். செய்த வேலை அதேதான். ஒரே வித்தியாசம், அவள் எழுதிய குறிப்புகளுக்குக் கீழே ஒரு பொடிப்பெண் கையெழுத்துப் போட்டாள். அந்தப் பெண்ணும் நல்லவள்தான், சிக்கல் வந்தால் முதலில் வெர்னிட்டாவைத்தான் அனுப்பினாள். இலையுதிர் காலத்தில் மறுபடி தேர்வு எழுதித் தேறினால் பழைய இடத்தைக் கொடுப்பதாக நிர்வாகி வாக்கு கொடுத்திருந்தார். அந்த ஒரு நம்பிக்கையில்தான் வெர்னிட்டா பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

ஆகஸ்ட் மாதம் ஒரு காலை நாடின் ஜாம் வைத்த டோனட் ஒரு பெட்டி நிறைய வாங்கி வந்தாள். முகமெல்லாம் பல்.

“எதுக்குன்னு சொல்லக்கூடாது. ஆனா என் கேள்வி ஒண்ணு தேறிடுச்சு.”

“கேள்விக்குமா தேர்வு?” என்றேன்.

“பின்ன? புதுக் கேள்வியை உடனே கணக்குல சேக்கமாட்டாங்க. மத்த கேள்விகளுக்கு நடுவுல மறைச்சு வெப்பாங்க. மார்க்கு கிடையாது. எது அதுன்னு எழுதறவங்களுக்குத் தெரியாது. யார் யார் எதை எடுத்தாங்கன்னு எண்ணிப் பாப்பாங்க. எல்லாரும் சரியா போட்டா அந்தக் கேள்வி குப்பை, தூக்கிப் போட்டுடுவாங்க. என்னோடதுல தேறினவங்க எல்லாம் சரியான விடைக்குப் போயிருக்காங்க, தோத்தவங்க எல்லாம் கும்பலா என் நாலாவது விடையில போய் விழுந்திருக்காங்க. அருமையா வேலை செய்யுதுன்னு சொன்னாங்க. இனிமே அதுக்கு மார்க்கு உண்டு.”

வெர்னிட்டா டோனட்டை எடுக்கக் கையை நீட்டியிருந்தாள். கை அப்படியே நின்றது.

“அப்போ அதுல நான் என்ன போட்டிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது.”

“நீ எந்தக் கேள்வியைச் சொல்ற?”

“கிளி.”

நாடினின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. ஒரு மன்னிப்பு, ஒரு தடுமாற்றம், ஏதாவது வரும் என்று நான் நம்பினேன். நாடின் பெட்டியின் மூடியை மெதுவாகச் சாத்தினாள்.

“அதை நான் ஆமான்னும் சொல்லக்கூடாது, இல்லைன்னும் சொல்லக்கூடாது.”

“நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம் தாயே. தப்பு விடையும் நான்தான் குடுத்தேன். அது நல்ல தப்புதான்னு தோத்துக் காட்டினதும் நான்தான். எழுதினது மட்டும் நீ. இதுக்கு ஒரு டோனட்டா? பெட்டியோட குடு.”

வெர்னிட்டா பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் சிரித்தாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நாடின் என்னிடம் திரும்பி, “கேள்வியை வெளிய சொல்லிட்டாளே. நான் தெரியப்படுத்தணும்” என்றாள்.

“யாருக்கு?”

“தேர்வு நடத்தறவங்களுக்கு. அதுதான் விதி.”

“நாடின், அவளுக்கு இன்னும் ஒரு வாய்ப்புதான் இருக்கு. அதையும் கெடுக்கப் போறியா? நீயும்தான் இப்ப எல்லாத்தையும் உளறின.”

“நான் எந்தக் கேள்வின்னு சொல்லலையே. எனக்கு மட்டும் கஷ்டமா இல்லைன்னு நினைக்கறியா கார்மைன்? ஆனா என் மனசுல என்ன இருக்குங்கறது இங்க முக்கியமில்ல.”

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அன்று மத்தியானமே தெரியப்படுத்தினாள். நானும் கடிதம் போட்டேன், தொலைபேசியில் கத்தினேன், நாடின் உளறியதைச் சொன்னேன். நன்றி, பரிசீலிக்கிறோம் என்றார்கள். வெர்னிட்டா இனி சில வருடங்களுக்குத் தேர்வு எழுதக்கூடாது என்று தடை வந்தது. அவள் அந்த மாதமே வேலையை விட்டாள். இன்றைக்குப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். நாடினுக்கு ஓய்வு பெறும்போது விருந்து வைத்தார்கள். தொழிலின் தரத்தைக் காத்தவள் என்று நிர்வாகி புகழ்ந்தார். நான் போகவில்லை.

நான் எதிலும் கையெழுத்துப் போட்டவனில்லை. அதனால் ஊர் கேட்கச் சொல்கிறேன், நீங்களும் பத்துப் பேரிடம் சொல்லுங்கள். உரிமத் தேர்வுக்குப் போகிறீர்களா? ஒரு பெண், அழுகிய கால், ஒரு கிளி என்று கேள்வி வரும். அவளுடைய உணர்வுகளைப் பேச வைக்கச் சொல்கிற விடையைப் போடுங்கள். எல்லோரும் அதையே போட்டால் அந்தக் கேள்வியைக் குப்பையில் தூக்கிப் போட்டுவிடுவார்கள், நாடின் வாயாலேயே சொன்னாள். உரிமம் கைக்கு வந்த பிறகு, கிளியை வீட்டுக்கு எடுத்துப் போங்கள்.